பினாங்கிலிருந்து லங்காவிக்கு, சுபாங் வழியாக

(சுபாங் ஜெயாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் இடைநிலைப்பள்ளியில் புவியியல் கற்பித்தவன். அதனால் இன்றைக்கு ஒரு கணக்கோடு வந்திருக்கிறேன். இரண்டு தீவுகள், இரண்டு விமான நிலையங்கள். ஒன்று பினாங்குத் தீவின் தென்கோடியில் பாயான் லெப்பாஸ். மற்றது லங்காவியில் பாடாங் மாட் சிராட். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? போய்ச்சேர எவ்வளவு நேரம்? “கைப்பேசியில் தட்டினால் வந்துவிடுமே ஐயா, இதற்கு ஒரு சொற்பொழிவா?” என்று ஏற்பாட்டாளர் ஒருவர் கேட்டார். தட்டினால் வரும். 130 கிலோமீட்டர் என்று வரும். பறக்கும் நேரம் பதினைந்து இருபது நிமிடம் என்றும் சில இடங்களில் வரும். தூரம் சரி. அந்தப் பதினைந்து நிமிடத்தில், சீட்டு வாங்கிய பயணி எவரும் பினாங்கிலிருந்து லங்காவி போய்ச் சேர்ந்ததில்லை. அது ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் தூரத்தை முடித்துவிடுவோம். பாயான் லெப்பாஸ் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5.30 பாகையில் இருக்கிறது; லங்காவி நிலையம் 6.33 பாகையில். வித்தியாசம் 1.03 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல்மைல் என்று மாலுமிகள் காலங்காலமாக வைத்திருக்கும் கணக்குப்படி, இது 62 கடல்மைல். கிழக்கு மேற்கில் பார்த்தால் ஒன்று 100.28, மற்றது 99.73, அது 33 கடல்மைல். இனி மூன்றாம் படிவத்துப் பிள்ளைகள் போடுகிற பைத்தகோரஸ் கணக்குதான். விடை 70 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால், 130 கிலோமீட்டர்.

உருண்டையான பூமியின்மேல் இப்படித் தட்டையாகக் கணக்குப் போடலாமா என்று யாராவது கேட்க வேண்டும். கேட்கவில்லை, பரவாயில்லை. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறவர்கள். இங்கே தீர்க்கக் கோடுகள் ஏறத்தாழ இணையாகவே ஓடுவதால் வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்தாலும் பெரிய பிழை வராது. இன்னும் இரண்டு தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் சாங்கிக்கும் இலங்கையின் கட்டுநாயக்காவுக்கும் இடையே சுமார் 2,750 கிலோமீட்டர். தட்டையாக அளந்தாலும் உருண்டையாக அளந்தாலும் சில கிலோமீட்டர்தான் கூடும், குறையும். லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிசுக்கு அப்படி அளந்து பாருங்கள், கணக்கு உதைக்கும். அங்கே விமானம் கிரீன்லாந்துப் பக்கம் ஏறி இறங்குவது போல வரைபடத்தில் வளைந்து தெரிவதற்கு அதுவே காரணம்.

தூரம் முடிந்தது. இதில் யாரும் எதையும் மாற்ற முடியாது. நேரம் அப்படி இல்லை.

இந்த மாதிரி குறுகிய தூரங்களுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் ஏ.டி.ஆர். 72 ரக விமானங்கள் பறக்கின்றன. இரண்டு புரொப்பெல்லர், எழுபது பேர் சொச்சம் உட்காரலாம். நடுவானில் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். 130ஐ 500ஆல் வகுத்தால் பதினாறு நிமிடம் வருகிறது. ஜெட் என்றால் மணிக்கு 800, பத்தே நிமிடம். ஆனால் கால அட்டவணையில் அரை மணிக்கு மேல், சில சமயம் முக்கால் மணி நேரம் வரை போட்டிருப்பார்கள். விமான நிறுவனம் எண்ணுவது வானத்தில் இருக்கிற நேரத்தை மட்டும் இல்லை. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுப்பதிலிருந்து, அந்தப் பக்கம் மறுபடி கட்டை வைப்பது வரைக்கும் எண்ணுவார்கள். இதைத் தொழிலில் ‘பிளாக் டைம்’ என்கிறார்கள். நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை முனைவரை ஊர்ந்து போவது, முன்னே நிற்கிற விமானம் கிளம்பக் காத்திருப்பது, இறங்கியபின் திரும்பி ஊர்ந்து வருவது எல்லாம் அதில் சேரும்.

வானத்திலும் முழு வேகம் கிடைக்காது. பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான விதி. 250 நாட் என்றால் மணிக்கு 460 கிலோமீட்டர் சொச்சம். 130 கிலோமீட்டர் பயணத்தில் பாதித் தூரம் ஏறுவதற்கும் மீதி இறங்குவதற்குமே சரியாகப் போய்விடும். ஆகவே 800இல் பறக்கக்கூடிய ஜெட் வந்தாலும் இந்தத் தடத்தில் அதன் திறமையைக் காட்ட இடமில்லை. புரொப்பெல்லரைப் பார்த்ததும் முகம் சுளிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே ஜெட்டால் மிச்சமாவது ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம். எரிபொருளோ ஏ.டி.ஆர். குடிப்பதைவிட எவ்வளவோ கூடுதல்.

அடுத்தது ஓடுபாதையின் திசை. ஓடுபாதை முனையில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தால் அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும். பாயான் லெப்பாசில் 04, 22. அதாவது ஒரு முனையிலிருந்து வடகிழக்கு, மறுமுனையிலிருந்து தென்மேற்கு. லங்காவி இருப்பதோ வடமேற்கில். எந்தப் பக்கம் கிளம்பினாலும் விமானம் திரும்பித்தான் ஆகவேண்டும். காற்று தென்மேற்கிலிருந்து வீசினால் லங்காவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடல்மேல் கிளம்பி, அப்புறம் வலப்புறம் வளைய வேண்டும். லங்காவியில் 03, 21. அங்கே ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை. தீவின் உயரமான மலை குனுங் ராயா, 881 மீட்டர். தொங்கு பாலம் கட்டியிருக்கிற மச்சின்சாங் 700 மீட்டருக்கு மேல். இவற்றுக்கு மரியாதை கொடுத்துச் சுற்றிவர வேண்டியிருக்கும். தியோமான் தீவில் இதைவிடக் கஷ்டம். ஓடுபாதையே ஒரு கிலோமீட்டர் தேறாது, பக்கத்திலேயே மலை. சுபாங்கிலிருந்து பெர்ஜாயா ஏர் நிறுவனம் நான்கு புரொப்பெல்லர் கொண்ட டேஷ் 7 விமானத்தை அங்கே ஓட்டிக்கொண்டிருந்தது. குறைந்த நீளத்தில் ஏறி இறங்கவென்றே செய்த விமானம் அது. 2014இல் அந்தச் சேவை நின்றது. சுபாங்குக்கும் தியோமானுக்கும் 290 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஓடுபாதையில் இறங்கத் தெரிந்த விமானம் இல்லாத நாளில் 290 என்ன, 29 என்றாலும் ஒன்றுதான்.

வானிலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஷா ஆலாம் பக்கம் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். உலகத்திலேயே இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மின்னல் பக்கத்தில் வந்துவிட்டால் விமானம் நிற்கும் திடலில் வேலை செய்கிறவர்களை உள்ளே அழைத்துவிடுவார்கள். பெட்டி ஏற்ற ஆளில்லை, எரிபொருள் ஊற்ற ஆளில்லை. வானம் தெளிந்தாலும் விமானம் அசையாது. மேற்குக் கரையில் இன்னொன்றும் உண்டு, சுமத்ரா என்று பெயர். ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை விடியற்காலையில் நீரிணைப் பக்கமிருந்து வரிசை கட்டி வரும் புயல்மழை. அதிகாலை விமானத்தைப் பிடித்தால் தாமதம் இருக்காது என்று நினைப்பவர்களை இது பதம் பார்க்கும். நம் அதிகாலையே ஒரு விசித்திரம். 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்பம் முழுதும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கினோம். லங்காவியில் ஜனவரி மாதம் சூரியன் எழுவது ஏழரையை ஒட்டித்தான். முதல் விமானத்தில் போகிறவர்கள் கும்மிருட்டில் கிளம்பிவிட்டு ஜன்னல் இருக்கைக்குக் கொடுத்த காசை நொந்துகொள்வார்கள்.

கடிகாரம் என்றதும் இலங்கைக்குத் திரும்புகிறேன். சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ நாலு மணி நேரம் பறக்க வேண்டும். இரவு பத்து மணிக்குக் கிளம்பி பதினொன்றரைக்குள் இறங்குவது போலச் சீட்டில் இருக்கும். இலங்கை நேரம் இரண்டரை மணி பின்னால் இருப்பதால் வருகிற மாயம். திரும்பி வரும்போது அந்த இரண்டரை மணியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்வார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை இங்கே நிற்க வைத்திருக்கிறது. விமானம் கிளம்பினால் எவ்வளவு நேரம் என்று இதுவரை பேசினோம். உங்களுக்கு வேண்டிய அன்றைக்கு விமானமே இல்லையென்றால்?

பினாங்கு லங்காவி நேரடிச் சேவை வருவதும் மறைவதுமாக இருந்திருக்கிறது. பயர்பிளை நிறுவனம் 2007 ஏப்ரலில் பிறந்தபோது அதன் தளம் சுபாங் இல்லை, பினாங்குதான். போக்கர் 50 விமானங்களை வைத்துக்கொண்டு பினாங்கிலிருந்து சின்னச் சின்னத் தடங்களில் பறந்தது. லங்காவி அவற்றில் ஒன்று. அதே ஆண்டிலேயே சுபாங்குக்கும் வந்துவிட்டது, மெல்ல மெல்ல இதுவே அதன் வீடாயிற்று. ஏர் ஏசியாவும் இந்தத் தடத்தில் ஓட்டியிருக்கிறது. இருந்தும் நாளுக்கு ஒன்றோ இரண்டோ கிடைத்தாலே பெரிது. உங்கள் நேரத்துக்கு அது ஒத்துவரவில்லை என்றால் பயணச்சீட்டு விற்கும் கணினி என்ன செய்யும்? பினாங்கிலிருந்து தெற்கே தலைநகருக்கு ஏற்றி, அங்கிருந்து வேறு விமானத்தில் வடக்கே லங்காவிக்கு அனுப்பும்.

வரைபடத்தில் இதைப் பாருங்கள். தலைநகரை ஒட்டிய சுபாங் விமான நிலையத்திலிருந்து பினாங்கு 278 கிலோமீட்டர், வடக்கிலிருந்து மேற்காக முப்பது பாகை சாய்ந்த திசை. சுபாங்கிலிருந்து லங்காவி 407 கிலோமீட்டர், அதே முப்பது பாகை. 278உடன் நம் பழைய 130ஐக் கூட்டுங்கள். 408! சுபாங், பினாங்கு, லங்காவி மூன்று விமான நிலையங்களும் அடிக்கோல் வைத்தாற்போல ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. சுபாங்கின் ஓடுபாதைக்கு எண் 33. அதுவும் ஏறத்தாழ அதே திசையையே பார்க்கிறது. இப்போது பினாங்குக்காரரின் நிலையை யோசியுங்கள். 278 கிலோமீட்டர் தெற்கே வருகிறார். காத்திருக்கிறார். பிறகு 407 கிலோமீட்டர் வடக்கே போகிறார், அந்த நேர்க்கோடோ அவர் காலையில் கிளம்பிய பாயான் லெப்பாசின் தலைக்கு மேலேயே போகிறது! மொத்தம் 685 கிலோமீட்டர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நாம் சும்மா சொல்வோம். இங்கே அதைக் காசு கொடுத்துச் செய்கிறோம். செப்பாங்கில் இருக்கும் கே.எல்.ஐ.ஏ. வழியாக என்றால் இன்னும் மோசம். 324உம் 453உமாக 777 கிலோமீட்டர். உண்மைத் தூரத்தைப்போல ஆறு மடங்கு.

இது யாருடைய முட்டாள்தனமும் இல்லை. எழுபது இருக்கையை நிரப்பினால்தான் விமானம் கட்டுப்படியாகும். பினாங்கிலிருந்து லங்காவிக்கு மட்டும் போகிறவர்கள் ஒரு வேளைக்கு அத்தனை பேர் சேர மாட்டார்கள். ஆனால் எல்லா ஊரிலிருந்தும் ஆட்களை ஓரிடத்தில் கொண்டுவந்து கொட்டி, மறுபடி பிரித்து அனுப்பினால் எல்லா விமானமும் நிறையும். உலகம் முழுக்க இதே ஏற்பாடுதான். தீவுக்காரர்களுக்குத்தான் இதன் சுமை கூடுதலாக விழுகிறது, ஏனென்றால் அவர்களால் ஏமாற்றத்தில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடியாது. என்னைக் கேட்டால், இரண்டு தீவுகளுக்கு இடையிலான நேரத்தை முடிவு செய்வது தூரமோ வேகமோ இல்லை. உங்களோடு அதே நாளில் அதே பக்கம் போக இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே.

பழைய நாளில் இதைவிட மேலாக இருந்ததா? ஓரளவு. மலாயன் ஏர்வேஸ் என்ற நிறுவனம் 1947 மே முதல் தேதி தன் முதல் வழக்கமான சேவையைத் தொடங்கியது. சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தில் கிளம்பி, கோலாலம்பூர், ஈப்போ தொட்டு, பினாங்கில் முடிந்தது. இன்றைய மலேசிய ஏர்லைன்சுக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கும் பொதுவான தாய் அந்த நிறுவனம்தான். 1972இல் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஆக இரு நாட்டு விமான வரலாறும் ஒரு தீவில் கிளம்பி இன்னொரு தீவில் முடிந்த தடத்தில் தொடங்குகிறது. ஏர்ஸ்பீடு கான்சல் என்ற விமானம், ஐந்தே பயணிகள். மணிக்கு 250 கிலோமீட்டர் போகும் அதற்கு, சிங்கப்பூர் பினாங்கு 600 கிலோமீட்டரைப் பறக்க மட்டும் இரண்டரை மணி நேரம் வேண்டும். நடுவே இரண்டு இடத்தில் இறங்கி ஏறுவது தனி. ஐந்து பேர் சேர்ந்தால் போதும், கிளம்பலாம் என்பது அதன் வசதி. அந்த ஐந்து பேரில் ஒருவராக நம் பாட்டன்மார் இருந்திருக்க வாய்ப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் அந்தக் காலத்தில் ரஜூலா கப்பலின் அடித்தளத்தில் நாகப்பட்டினத்திலிருந்து நாள்கணக்கில் வந்துகொண்டிருந்தார்கள்.

அன்று கோலாலம்பூருக்கு சுங்கை பீசியில் விமான நிலையம். 1965 ஆகஸ்டு 30ஆம் தேதி சுபாங் திறந்தது. 3,780 மீட்டர் ஓடுபாதை, வட்டாரத்திலேயே மிக நீளமானது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம். இப்போது நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பக்கமெல்லாம் அப்போது சீபீல்டு ரப்பர் தோட்டம். பால் மரத்து வேலைக்குக் கிளம்புகிறவர்கள் தலைக்கு மேல் ஜெட் போவதைப் பார்த்த காலம் அது. எழுபதுகளின் நடுவில் தோட்டம் வீடமைப்பாக மாறி சுபாங் ஜெயா ஆனது. 1998இல் விமானங்கள் செப்பாங்குக்குப் போய்விட்டன. வானத்தில் பினாங்குக்கு 46 கிலோமீட்டர் கூடியது. அது ஐந்தாறு நிமிடப் பறப்பு, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தரையில் கூடியதுதான் உறைத்தது. இங்கிருந்து வாடகை வண்டியில் ஒரு எட்டு என்று இருந்த விமான நிலையம் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் போயிற்று. பிரிக்பீல்ட்சில் இருப்பவர்களுக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்து ரயில், 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடக்கிறது. நமக்கு அந்த ரயிலைப் பிடிக்கவே முதலில் ஊருக்குள் போகவேண்டும். சுபாங்கின் பழைய முதலாம் முனையத்தை 2003இல் இடித்தார்கள். மிஞ்சிய கட்டடத்தில் புரொப்பெல்லர் விமானங்கள் தொடர்ந்தன, 2024இல் ஜெட் விமானங்களுக்கும் மீண்டும் கதவு திறந்தது.

சுபாங்கிலிருந்து சிங்கப்பூர் போவதிலும் ஒரு கதை உண்டு. புரொப்பெல்லர் விமானங்களை சாங்கியிலிருந்து சிங்கப்பூரின் இன்னொரு விமான நிலையமான சிலேத்தாருக்கு மாற்றச் சொன்னபோது, அங்கே இறங்கும் பாதை ஜொகூரின் பாசிர் கூடாங் மேலே வருகிறது என்று இரு அரசுகளுக்கும் பிணக்கு வந்தது. 2018 டிசம்பரில் பயர்பிளை சேவையை நிறுத்தி, 2019 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கியது. ஒரு மணி நேரப் பயணம், நடுவே சில மாதங்களுக்கு இல்லவே இல்லை.

கடலை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறேன். பெருந்தொற்றுக்கு முன்புவரை ஜார்ஜ் டவுன் கரையிலிருந்து லங்காவிக்கு நேராக பெர்ரி ஓடியது. மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும். அலை இருந்தால் வயிறு தாங்காது, அது வேறு விஷயம். ஆனால் விமான நிலையத்துக்குப் போவது, ஒரு மணி முன்னதாகக் காத்திருப்பது, பறப்பது, பெட்டிக்கு நிற்பது எல்லாவற்றையும் கூட்டினால் நேரடி விமானத்துக்கும் ஏறக்குறைய மூன்று மணி வந்துவிடும். ஆகவே பெர்ரி அவ்வளவு ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. தலைநகர் சுற்றிப் போகும் விமானத்தை அது தோற்கடித்தே விட்டது.

நேரடி விமானத்தில் இடம் கிடைத்தால் வலப்பக்க ஜன்னலைக் கேளுங்கள். கெடா கரையில் தனியாக ஒரு மலை எழுந்து நிற்கும். குனுங் ஜெராய், 1,217 மீட்டர். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் வட்டாரம். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனை 5.92 பாகையில் இருக்கிறது, ஜெராய் 5.79இல். மரக்கலக்காரன் இலங்கையின் தென்முனையைத் தாண்டி நேர் கிழக்கே பிடித்தால், நிக்கோபாருக்கும் அச்சேவுக்கும் இடையிலான வாயில் வழியே நுழைந்து, கடைசியில் இந்த மலையைக் காண்பான். தீர்க்கக் கோடு அளக்கத் தெரியாத காலத்தில், ஒரே அட்சக்கோட்டைப் பிடித்துக்கொண்டு போவதுதான் பாதுகாப்பான வழி. நட்சத்திரத்தின் உயரம் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். முதலாம் இராசேந்திரனின் கடற்படை 1025ஐ ஒட்டி வந்ததும் இந்தக் கரைக்குத்தான். அவர்களுக்கு நேரம் காற்றின் கையில் இருந்தது. ஒரு பருவக்காற்றில் வந்தவன் அடுத்தது திரும்பும் வரை காத்திருக்க வேண்டும், மாதக்கணக்கில். நமக்குத் தலைநகரில் அடுத்த விமானம் வரை.

நேரம் ஆகிவிட்டது. எழுதிக் கொடுத்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யூ.எஸ்.ஜே. பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: “மகள் ஜார்ஜ் டவுனில் இருக்கிறாள். நாங்கள் இங்கிருந்து. பள்ளி விடுமுறையில் லங்காவியில் சந்திப்பதாக ஏற்பாடு. யார் முதலில் போய்ச்சேருவார்கள்?”

நீங்கள்தான் அம்மா, பெரும்பாலும். உங்களுக்கு சுபாங்கிலிருந்து 407 கிலோமீட்டர், நேர் விமானம், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. மகளுக்கு 130தான். அன்றைக்கு நேரடி விமானம் இருந்தால் அவர் முந்திக்கொள்வார். இல்லையென்றால் தலைநகர் வழியாக விமானச்சீட்டு எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பட்டர்வொர்த்துக்கு வந்து ரயிலில் அலோர் ஸ்டார், அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கோலக்கெடா, பெர்ரியில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் குவா துறைமுகம். விடியற்காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். பள்ளி விடுமுறையில் பெர்ரி நிறைந்துவிடும், சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்லுங்கள். குவாவிலிருந்து விமான நிலையப் பக்கம் வர அரை மணி நேரம் ஆகும். அவர் உங்களைத் தேடி வருவதைவிட, நீங்கள் வண்டி எடுத்துக்கொண்டு குவாவுக்கே போய்விடுவது நல்லது.